லிவர் தூக்கின சத்தம்

மதி,

இங்கே நானும் உன் சித்தியும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். வண்டியும் நன்றாக இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கடிதம் முழுக்க நீ அதையே நினைத்துக்கொண்டு படிப்பாய். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் வண்டி என்று ஆரம்பித்த உடனே "சரி சித்தப்பா, அடுப்புல பால் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் அந்த வீட்டில் பால் பொங்குகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் எழுத்து, பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள். ஆனால் அந்த எட்டாம் வகுப்பு வரைக்கும் என்னைப் போல் கட்டுரை எழுத அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் கிடையாது. கடற்கரையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் எழுதியதைப் படித்துவிட்டு வாத்தியார் அன்று சாயங்காலமே நம் மணப்பட்டுக் கடற்கரைக்கு வந்துவிட்டார். அவர் மீன் வாங்க வந்தார் என்று உன் சித்தி சொல்வாள். அவள் பேச்சை விடு.

ஒரு நிபந்தனை. இதை ரூமுக்குள் போய்த் தனியாகப் படிக்காதே. வில்லியனூர் வீட்டுக் கூடத்தில் சம்பந்தியம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, மாப்பிள்ளை பாத்திரக் கடையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருக்கும் நேரமாகப் பார்த்து, சத்தமாகப் படி. ஏன் என்பது போகப்போகத் தெரியும். நடுவில் யாராவது போதும் என்றால், "முழுசா படிக்கச் சொல்லியிருக்காரு" என்று சொல். நான் சொன்னேன் என்று சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சிரித்துக்கொண்டே கேட்கட்டும்.

உன் அப்பா, என் அண்ணன், மஞ்சள் காமாலையில் போனபோது நீ அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாய். அன்றிலிருந்து உன்னை வளர்த்தது நான்தான் என்று கீழே கடல் வரைக்கும், மேலே பாகூர் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். வளர்த்தது உன் அம்மாவும் சித்தியும். நான் சொல்லிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஆனால் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான். அதில் யாருக்கும் பங்கு கிடையாது. பூரணாங்குப்பம் வரைக்கும் போய்த் திரும்பினோமே, ஞாபகம் இருக்கிறதா? ஏற்றத்தில் வண்டி அணைந்துவிட்டது. பின்னால் பஸ். டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. எனக்கே வியர்த்தது. நீ கண்ணாடியில் அவரைப் பார்த்து, "இருங்கண்ணே, நான் கத்துக்கினு இருக்கேன்ல" என்று உனக்குள் முணுமுணுத்துக்கொண்டு, கியரை நடுவில் தள்ளி, நிதானமாக சாவியைத் திருகி, வழியை விட்டாய். அன்றைக்கே எனக்குத் தெரியும், இந்தப் பெண்ணுக்கு வண்டி கைக்குள் அடங்கும் என்று. அந்தப் பஸ் டிரைவர் இறங்கி வந்து உனக்கு வணக்கம் வைத்ததாக நான் ஊரில் சொன்னேன். வைக்கவில்லை. வைத்திருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு அந்த வண்டியையே உனக்குக் கொடுத்ததும் யோசித்துத்தான். திருபுவனை கம்பெனியில் உனக்கு வேலை. வில்லியனூரிலிருந்து பஸ்ஸில் போனால் ஆலை ஷிப்டு விடுகிற நேரத்தில் நிற்க இடமில்லை. சொந்த வண்டியில் போய் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நீதான் சொன்னாய். சம்பந்தியம்மாவும் முதலில் யோசித்துவிட்டுப் பிறகு சரி என்றார். வண்டியின் பழைய சொந்தக்காரர் ஒரு டாக்டர், ஞாயிற்றுக்கிழமையில் மட்டும்தான் எடுப்பார் என்று நான் அவரிடம் சொன்னேன். டாக்டர் இல்லை, கம்பவுண்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்பது உண்மை, மற்ற நாளில் அவர் மச்சான் எடுப்பான்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். சம்பந்தியம்மாவும் கேட்டுக்கொண்டிருப்பதால் ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.

மறுவீட்டு விருந்துக்கு உங்களை அழைக்க நான் வந்தேன். கூடவே எங்கள் படகுக்காரப் பசங்கள் ஒரு குட்டியானை லோடு வண்டியில் சீர்த் தட்டுகளோடு வந்து, சீரைக் கொடுத்துவிட்டு, காலித் தட்டுகளோடு எங்கள் பின்னாலேயே திரும்பினார்கள். நீ ஸ்டியரிங்கில். நான் உன் பக்கத்தில். பின்னால் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும். வில்லியனூர் தாண்டியதும் சம்பந்தியம்மா சொன்னார், "பொண்ணு நல்லாத்தான் ஓட்டுது." எனக்கு அது போதவில்லை. "நான் கத்துக் குடுத்ததுங்க. கப்பலக் குடுத்தாலும் ஓட்டும்" என்றேன். அதோடு விட்டேனா? என் தாத்தா பிரான்சுக்காரன் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்ததையும், அவர் ஓட்டிய லாரி ஒரு நதியையே தாண்டியதையும் ஆரம்பித்தேன். லாரி பாதி நதியில் இருக்கும்போதுதான் நம் வண்டி நின்றது.

கரிக்கலாம்பாக்கம் தாண்டி, பாகூருக்கு முன்னால். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். வண்டி இருமவில்லை, உதறவில்லை, புகை விடவில்லை. ஓடிக்கொண்டிருந்தது, ஓடவில்லை. அவ்வளவுதான். "தட்டுன்னு ஒரு சத்தம் கேட்டுது சித்தப்பா" என்றாய். எனக்குக் கேட்கவில்லை, நான் நதியில் இருந்தேன். ஸ்டியரிங் கெட்டியாகிப் போயும் நீ பதறாமல், இருந்த வேகத்திலேயே வண்டியை ஓரம் கட்டி, விளக்கைச் சிமிட்ட விட்டாய். பிறகு சாவியை ஒரே ஒரு முறை திருகினாய். விர்ர்ர் என்று லேசாக, ஒரே சீராகச் சுற்றியது. உடனே கையை எடுத்துவிட்டாய். எடுத்துவிட்டு நீ சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன்:

"சித்தப்பா, லிவரு தூக்கின மாதிரி சுத்துது. இனிமே சாவி போட வேணாம்."

சம்பந்தியம்மா கேட்டார், "இன்னா லிவரு? காருல இன்னாத்துக்கு லிவரு?"

அந்த இடத்தில் எனக்கு வெட்கமாகிவிட்டது மதி. மகளைப் பெரிய டிரைவர் என்று சொல்லி அழைத்துக்கொண்டு போகிறேன், அவள் படகு பாஷை பேசுகிறாள். வில்லியனூர்க் கடைக்காரர்கள் நம்மை இன்னும் வலையும் துடுப்புமாக நினைத்துவிடுவார்களே என்று, "அது படகு இன்ஜின நெனச்சிக்கினு சொல்லுதுங்க, சின்னப் பொண்ணு. நகரு மதி, நான் பாக்குறேன்" என்றேன். நீ நகர்ந்தாய். நான் உட்கார்ந்து திருகினேன். திருகினேன் என்றால், ஊருக்கே கேட்கிற மாதிரி. விர்ர்ர், விர்ர்ர். பானட்டைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்து, "பெட்ரோல் அடைப்பு" என்று தீர்ப்பும் சொன்னேன். ஏன் பெட்ரோல் அடைப்பு என்று கேட்டால் எனக்கே தெரியாது. பானட்டைத் திறந்தவன் ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

அப்புறம் குட்டியானை வந்து நின்றது. படகுக்காரப் பசங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார்கள். நம் ஊரில் நகராத எதையும் எல்லாரும் சேர்ந்து தள்ளித்தானே பழக்கம். படகு மணலில் நின்றால் தள்ளு. லாரி மணலில் மாட்டினால் தள்ளு. கார் நின்றால் மட்டும் வேறு என்ன செய்யத் தோன்றும்?

"இன்னாண்ணே, கார தண்ணில எறக்கணுமா?"

"வாய மூடிக்கினு தள்ளுங்கப்பா."

"தள்ளாதீங்க சித்தப்பா, உள்ள இன்னாமோ அறுந்துக்கினு கீது" என்று நீ சொன்னாய். ரோட்டோரம் பட்டுப் புடவையோடு நின்றுகொண்டு, இன்னொரு தரமும் சொன்னாய். மாப்பிள்ளை, "மாமாவுக்குத் தெரியாததா, நீ இரு மதி" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. என்னைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் நம்பிய ஒரே ஆள் அவர்தான். பசங்கள் ஏலேலோ போட்டார்கள். நான் இரண்டாம் கியரில் வைத்து கிளட்சை விட்டேன். சக்கரம் தரையில் தேய்ந்தது. உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மறுபடியும் தள்ளினோம். வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்களும் கரையேறி வந்து கை கொடுத்தார்கள்.

சம்பந்தியம்மா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "சம்பந்தி, கப்பலும் ஓட்டும்னீங்களே, கப்பலயும் இப்டித்தான் தள்ளிக்கினு போவீங்களா?"

பசங்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவர் கேட்டது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கப்புறம் அவர் உன் பக்கம் திரும்பி, "நீ இன்னாத்தம்மா மிதிச்சே? தெரியாம எதுனா போட்டு அழுத்திட்டியா?" என்றார். நீ பதில் சொல்வாய் என்று நான் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய். நான் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். நீ கார் சாவியை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்துவிட்டுப் போய்க் குட்டியானையின் பின்பக்கம் ஏறிக்கொண்டாய். சம்பந்தியம்மா முன் சீட்டில். புதுப்பெண் பின்னால், காலித் தட்டுகளுக்கும் வேட்டிகளுக்கும் நடுவில். விருந்தில் சித்தி வஞ்சிரம் வறுத்திருந்தாள், நண்டு வைத்திருந்தாள். எல்லாவற்றையும் நீ நல்ல பிள்ளையாகச் சாப்பிட்டாய். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கு வரைக்கும் பேசவில்லை. பஸ்ஸில்தான் திருபுவனை போய் வருகிறாய். "எனக்கு வண்டி வேணாம், வித்துடுங்க" என்று நீயே சொன்னதாக உன் அம்மா சொன்னாள்.

பசங்களோடு வண்டியைப் பாகூருக்குக் கட்டி இழுத்துப் போனேன். அங்கே ஏழுமலை என்று ஒரு மெக்கானிக். வயதில் எனக்குச் சின்னவன், வாயில் எனக்குச் சமமானவன். "ஒரு தொடு தொடுங்க போதும்" என்று சாவியைத் தொடச் சொல்லிவிட்டு, இன்ஜின் தலையில் எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான். கீழே சுற்றுகிறது, மேலே அசையவில்லை. "பெல்ட்டு போச்சி" என்றான். உறையைக் கழற்றிக் காட்டினான். சீப்பில் பல் உடைந்த மாதிரி, பெல்ட்டின் பற்கள் உதிர்ந்து கிடந்தன. எல்லாம் எண்ணெயில் ஊறியிருந்தது. பக்கத்தில் ஒரு ரப்பர் சீல் ஒழுகி, எண்ணெய் சொட்டுச் சொட்டாக அந்தப் பெல்ட்டின் மேல் விழுந்து, அதை மாவாக்கி வைத்திருக்கிறது.

"ஓட்டினது யாரு?"

"எங்க அண்ணன் பொண்ணு. இப்பத்தான் கல்யாணம்."

"அது மேல இன்னா தப்பு? யாரு ஓட்டியிருந்தாலும் அங்கயே நின்னிருக்கும். நின்ன பொறவு சாவி போட்டீங்களா?"

"போடலயே."

"தள்ளுனீங்களா?"

"நாங்க இன்னாத்துக்குத் தள்றோம்?"

அவன் என் வேட்டியைப் பார்த்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பின்னால் நின்ற பசங்களைப் பார்த்தான்.

மதி, இதுதான் உனக்கு நான் விளங்க வைக்க வேண்டியது. இன்ஜின் என்பது வேறொன்றுமில்லை, காற்றை அமுக்குகிற பெட்டி. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அடித்துப் பார், கைக்கு எதிர்த்து நிற்கும். விரலை எடுத்துவிட்டால் பொசுக்கென்று போய்விடும். பிஸ்டன் மேலே வரும்போது மேலே இருக்கிற வால்வுகள், சின்னக் கதவுகள் மாதிரி, மூடியிருக்க வேண்டும். காற்று இறுகி நின்றால்தான் பெட்ரோல் வெடித்து வண்டியைத் தள்ளும். அதைத்தான் கம்ப்ரஷன் என்கிறார்கள். கீழே சுற்றுகிற தண்டையும் மேலே கதவுகளைத் திறந்து மூடுகிற தண்டையும் ஒரே தாளத்தில் வைத்திருப்பது அந்தப் பெல்ட். அது போய்விட்டால் கதவுகள் பாதி திறந்தபடி அப்படியே நின்றுவிடும். கீழே இருந்து வருகிற பிஸ்டன் அதில் போய் இடித்துக் கதவை வளைத்துவிடும். வளைந்த கதவு மூடாது, மூடாத பெட்டியில் காற்று நிற்காது.

இதற்கெல்லாம் முன்னால் காதுதான் மெக்கானிக். சாவியைத் திருகினால் ஒன்றுமே சுற்றவில்லையா, பேட்டரி பக்கம் பார். வழக்கம் போல் உக்கும் உக்கும் என்று முக்கி முக்கிச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லையா, பெட்ரோலோ தீப்பொறியோ வரவில்லை. நடுநடுவில் ஒரு முக்கல் மட்டும் லேசாகப் போகிறதா, ஏதோ ஒரு சிலிண்டரில் மட்டும் காற்று நிற்கவில்லை. முக்கலே இல்லாமல் விர்ரென்று காற்றாடி மாதிரி சுற்றுகிறதா, கையை எடுத்துவிடு. நீ எடுத்தாயே, அதே மாதிரி. அதற்கப்புறம் போடுகிற ஒவ்வொரு சாவியும் உள்ளே இருப்பதை இன்னும் கொஞ்சம் வளைக்கும். பிறகு எண்ணெயைப் பார். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் எண்ணெயில் கலந்துவிட்டது, தலைக்கு அடியில் இருக்கிற கேஸ்கெட் போய்விட்டது என்று அர்த்தம். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார். ஆனால் சூட்டோடு அதன் மூடியை மட்டும் திறக்காதே. என் வலது கையில் இருக்கிற தழும்பைச் சுறா கடித்தது என்று உனக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லியிருக்கிறேன். சுறா இல்லை, ரேடியேட்டர். சுறா என்று சொன்னால் நீ சோறு சாப்பிட்டாய், ரேடியேட்டர் என்று சொல்லியிருந்தால் சாப்பிட்டிருக்க மாட்டாய்.

ஏழுமலை புது சீலும் புது பெல்ட்டும் போட்டு, மேல் தண்டையும் கீழ்த் தண்டையும் குறிக்குக் குறி சேர்த்துவிட்டு, பிளக்குகளைக் கழற்றி அந்த ஓட்டைகளில் காற்று அமுக்கம் பார்க்கிற ஒரு மீட்டரைத் திருகினான். சாவியைத் திருகச் சொன்னான். சில சிலிண்டரில் முள் ஏறியது, சிலதில் படுத்துக்கொண்டது. படுத்த இடத்தில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தான். முள் ஏறியிருந்தால் பிஸ்டனைச் சுற்றி இருக்கிற வளையம் தேய்ந்திருக்கிறது, எண்ணெய் இடைவெளியை அடைத்துவிட்டது என்று அர்த்தமாம். ஏறவில்லை. அப்படியென்றால் வால்வுதான். தலையைக் கழற்றினான். கதவுகள் வளைந்திருந்தது கண்ணுக்கே தெரிந்தது. "இது பெல்ட்டு அறுந்தப்ப வளைஞ்சதா, பொறவு வளைஞ்சதா?" என்று சும்மா கேட்டேன். "அது எனக்கு எப்டித் தெரியும்? வால்வு வந்து சாட்சி சொல்லுமா?" என்றான். சொல்லாது. ஆனால் எனக்கு அந்தக் கடகட சத்தம் தெரியும். நீ வேண்டாம் என்ற பிறகு வந்த சத்தம் அது.

இங்கேதான் நான் செய்த காரியம் வருகிறது. ஊருக்கு வந்ததும் டீக்கடையில் உட்கார்ந்தேன். வண்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்கள். கேட்டால் சும்மா இருப்பேனா? "சாவியத் திருகின ஒடனே சொல்லிட்டேன்பா, இது லிவரு தூக்கின சத்தம்னு" என்றேன். நன்றாக எடுபட்டது. அடுத்த நாள் அந்தக் கதையில் மெக்கானிக் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் காது யாருக்கு வரும்ணே" என்றான். அதற்கும் அடுத்த நாள் கதையில் துறைமுகத்திலிருந்தே ஆள் வந்து என்னைக் கப்பல் இன்ஜின் பார்க்கக் கூப்பிட்டது. படகுக்காரப் பசங்களுக்கு உண்மை தெரியும். அவர்கள் தலையாட்டிக்கொண்டே என் கணக்கில் டீ குடித்தார்கள்.

வில்லியனூருக்கு மீன் கொண்டு போகிறவள் யாரோ அந்தக் கதையை உங்கள் வீட்டு வாசலில் இறக்கியிருக்கிறாள். சம்பந்தியம்மா எனக்கு போன் செய்தார். "சத்தத்தக் கேட்டே கண்டுபுடிச்சிட்டீங்களாமே சம்பந்தி! நீங்க பெரிய ஆளுதான். எங்க மருமவளுக்குத்தான் இன்னும் பத்தல. வண்டிய அறுத்துட்டா, எதுவும் தெரியல, பாவம். பஸ்ஸுலயே போவட்டும்." இவ்வளவையும் நல்ல மனதோடுதான் சொன்னார். என்னைப் புகழ்ந்து சொன்னார். நானும் "ஆமாங்க, ஆமாங்க" என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. நான் பெரிய ஆளாக இருப்பதற்கு நீ ஒன்றும் தெரியாதவளாக இருக்க வேண்டியிருக்கிறது.

உன் சித்தி வலைக்கு ஈயக் குண்டு கட்டிக்கொண்டு இருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அந்த வார்த்த அவுளுதாமே."

"எந்த வார்த்த?"

"பசங்க சொன்னானுங்க. லிவருன்னு அவதான் சொன்னாளாம், நீதான் வாய அடைச்சியாம். இன்னாய்யா, ஒனக்குக் கத பஞ்சமா? சுறா ஒண்ண சேத்துப் புடிச்சிக்கினு வரவேண்டியதுதான, எங்கொழந்த சொன்னத எதுக்கு எடுத்தே?"

ஆகவே சம்பந்தியம்மா, இனி வருவது உங்களுக்கு. மதி இந்த இடத்தில் படிப்பதை நிறுத்தப் பார்ப்பாள், விடாதீர்கள். காரில் எதற்கு லிவர் என்று கேட்டீர்கள். காரில் கிடையாது. எங்கள் பழைய படகில் ஒற்றைச் சிலிண்டர் டீசல் இன்ஜின். கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். காற்று அமுக்கம் இருந்தால் எந்த மனிதனாலும் அதைச் சுற்ற முடியாது. என்னால் முடியும் என்று வெளியே சொல்லி வைத்திருக்கிறேன், என்னாலும் முடியாது. அதற்காக அதன் தலையில் ஒரு சின்ன லிவர். அதைத் தூக்கினால் வால்வு திறந்தே நிற்கும், காற்று ஓடிவிடும், இன்ஜின் லேசாக விர்ரென்று சுற்றும். வேகம் ஏறியதும் லிவரை இறக்கினால், டப், பிடித்துக்கொள்ளும். எனக்கு இரண்டு கையும் சுற்றுவதற்கே சரியாக இருக்கும். கரையில் நிற்கிற படகில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பள்ளிக்கூடப் பையோடு, அந்த லிவரை இறக்கியது உங்கள் மருமகள். "இப்பவா சித்தப்பா? இப்பவா?" என்று கேட்பாள். அப்புறம் கேட்பதையும் நிறுத்திவிட்டாள். சத்தத்தை வைத்தே சரியான நேரத்தில் இறக்கிவிடுவாள். நான் ஒரு தரம் கூடத் திட்ட வேண்டியிருந்ததில்லை.

அதனால், கரிக்கலாம்பாக்கம் ரோட்டில் வண்டி நின்றபோது அங்கே இருந்த அத்தனை பேரில் இன்ஜினுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஒரே ஒரு முறை சாவியைத் திருகினாள். கதவு திறந்து கிடக்கிறது, காற்று நிற்கவில்லை என்று எங்கள் பாஷையில் சொன்னாள். தொடாதீர்கள் என்றாள். தள்ளாதீர்கள் என்றாள். பெல்ட் அறுந்தது அவள் குற்றமில்லை. மீதியில் எத்தனை வளைந்ததோ, அது எங்கள் ஏலேலோ. அவளை நம்பி நீங்கள் பின் சீட்டில் உட்கார்ந்தது சரி. என்னை நம்பித்தான் வெயிலில் நின்றீர்கள். டீக்கடையிலும் இதைச் சொல்லிவிட்டேன். நேற்று எல்லாரும் இருக்கும்போது சொன்னேன். முதலில் யாரும் நம்பவில்லை, இது ஏதோ புதுக் கதை என்று நினைத்தார்கள். பசங்கள்தான் சத்தியம் பண்ணினார்கள். ஒருத்தன், "அண்ணே, இது பழசவிட நல்லா இருக்குதுண்ணே" என்றான்.

மதி, உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ரோட்டில் நீ இரண்டு தரம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாய். பெரியவன், வளர்த்தவன், நாலு பேர் முன்னால் தலை குனியக் கூடாது என்று எனக்காக மூடிக்கொண்டாய். எனக்குத் தெரியும். அது அன்புதான். ஆனால் அதற்குப் பதிலாக நீ சாவியைக் கொடுத்தாய் பார், அது அதிகம். இனிமேல் எனக்காகவோ, மாப்பிள்ளைக்காகவோ, யாருக்காகவோ உன் காதில் கேட்டதைக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளாதே. மூன்றாம் தரமும் சொல். நான்காவது தரம் பானட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொள். படகுக்காரப் பசங்களே என்றாலும் உன்னைச் சேர்த்து வைத்துத் தள்ள மாட்டார்கள். மாப்பிள்ளை நல்லவர். இப்போது சாதம் பிசைந்துகொண்டே தலையைக் குனிந்திருப்பார். அவரிடம் கோபம் வைக்காதே. ஒரு நாள் அவருக்கும் ஓட்டக் கற்றுக்கொடு. பஸ் பின்னால் வந்து ஹாரன் அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் சொல்லிக்கொடு.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டு வருகிறேன். புது வால்வு, புது பெல்ட், புது சீல். சித்தி நண்டு கட்டித் தருகிறாள், சம்பந்தியம்மாவுக்கு என்று தனியாக. உங்கள் கடைத் தெரு முனையிலேயே நிறுத்திவிடுவேன், வீடு வரைக்கும் நான் ஓட்டி வர மாட்டேன். சாவியை மாப்பிள்ளை கையில் கொடுக்க மாட்டேன், உன் கையில்தான். சம்பந்தியம்மாவுக்குப் பின் சீட்டுத் துடைத்து வைத்திருக்கும். அவர் ஏறுகிறாரோ, வாசலில் நின்று பார்க்கிறாரோ, அது அவர் விருப்பம். நீ ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகு. உக்கும் உக்கும் என்று முக்கிப் பிடிக்கிறதா என்று நீதான் கேட்டுச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் நான் உன் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

அப்படியும் நான் நதியில் லாரியை இறக்கிவிட்டேன் என்றால், உனக்குத்தான் தெரியுமே, ஓடுகிற படகை நிறுத்தவும் நாம் அதே லிவரைத்தான் தூக்குவோம். "சித்தப்பா, லிவரு" என்று சொல். நின்றுவிடுகிறேன்.

உன் சித்தப்பா